போன் ஜாக் எங்கே வைப்பது?

மாமா புது வீடு கட்டுகிறார். பூச்சு வேலைக்கு முன் சுவரை வெட்டி பைப் புதைக்கிற நேரம். எலக்ட்ரீஷியன் அண்ணன் கையில் சாக்பீஸோடு நின்று, "போன் பாயிண்ட் எங்கங்க வைக்கணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான், ஒரு மணி நேரம் சண்டை. ஹாலில் என்கிறார் மாமா, மாடியில் என்கிறான் அவர் பையன், டி.வி. பக்கத்தில் என்கிறார் அத்தை. வீட்டுக்கு வந்து இதைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்குக் கதையே இருக்கிறது.

1970கள் வரை பெரும்பாலான அமெரிக்க வீடுகளில் போன் வீட்டுக்காரருடையது இல்லை. ஏடி அண்ட் டி-யின் பெல் கம்பெனிகளுடையது. போன் செய்வது அவர்களின் சொந்த நிறுவனமான வெஸ்டர்ன் எலக்ட்ரிக். போனிலேயே "பெல் சிஸ்டம் சொத்து, விற்பனைக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். நீங்கள் மாத வாடகை கட்டலாம், அவ்வளவே. நாம் இன்று பார்க்கிற மாதிரி கழற்றி மாட்டும் ஜாக் பொதுவாகக் கிடையாது. போனின் வயர் நேராகச் சுவரில் உள்ள சின்னப் பெட்டிக்குப் போய் ஸ்க்ரூவில் முடியும். பக்கத்து அறைக்கு மாற்ற வேண்டுமா? கம்பெனி ஆள் வரவேண்டும், அதற்கும் கட்டணம்.

1920, 30களில் கட்டிய வீடுகளில் நடைவழிச் சுவரில் போனுக்கென்றே ஒரு மாடம் இருக்கும் (நம்ம ஊர் விளக்கு மாடம் மாதிரி). வீட்டுக்கு ஒரே போன், எல்லா அறைக்கும் மணி கேட்க வேண்டும், அதனால் நடுவில்.

போருக்குப் பிறகு பெல் விளம்பரங்களின் பேச்சு மாறியது. வீடு கட்டும்போதே யோசியுங்கள், சுவருக்குள் வயர் ஓட்டிவிடுங்கள், பல அறைகளில் இணைப்புக்கு இடம் விடுங்கள் என்றார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பி.காம். படிக்கிறவன் கண்ணுக்கு வேறொன்று தெரிகிறது: ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் தனி மாத வாடகை! 1959-ல் படுக்கையறைக்கென்றே பிரின்சஸ் என்ற குட்டி போன் வந்ததும் சும்மா இல்லை. சிலர் கள்ளத்தனமாக இன்னொரு போனை மாட்டிக்கொள்வார்கள். லைனைச் சோதித்து எத்தனை மணி இருக்கிறது என்று கம்பெனி கண்டுபிடிக்கும். அதனால் திருட்டு போனின் மணி வயரைக் கழற்றி விடுவார்களாம் :-)

கம்பெனி பக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். கண்டதையும் மாட்டினால் மொத்த நெட்வொர்க்கும் கெடும் என்றார்கள். பழுதானால் ரிப்பேர் செலவு அவர்களுடையது என்பதால் போனை உழைக்கிற மாதிரிதான் செய்தார்கள். 1949-ல் வந்த 500 மாடல் போன்களில் பல இன்றும் வேலை செய்கின்றன.

ஆனால் பிடிவாதம் எல்லை மீறியது. பேசுவது பக்கத்தில் கேட்காமலிருக்க ஹஷ்-ஏ-போன் என்று ஒரு சாதனம். வெறும் கிண்ணம் மாதிரி, வாய்ப்பக்கம் பொருத்துவது. அதற்கும் தடை! 1956-ல் நீதிமன்றம் அந்தத் தடையைத் தள்ளியது. அடுத்து டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டர். அவருடைய கார்ட்டர்போன், ரேடியோவில் பேசுகிறவரை போன் லைனோடு இணைக்கும். 1968-ல் எஃப்.சி.சி. என்ற தகவல் தொடர்பு ஆணையம், லைனுக்குக் கேடு செய்யாத வெளிச் சாதனங்களைத் தடுக்கக்கூடாது என்றது. ஏடி அண்ட் டி விடுமா? வெளிச் சாதனம் என்றால் நடுவில் எங்கள் பாதுகாப்புப் பெட்டி வேண்டும், அதற்கும் மாத வாடகை என்றது.

அந்தப் பெட்டிக்கு முடிவு கட்டியது 1975-ல் வந்த பதிவு விதி. சாதனத்தைச் சோதித்துப் பதிவு செய்துவிட்டால் நேராகவே மாட்டலாம். கோர்ட்டு, மேல்முறையீடு எல்லாம் தாண்டி 1977-ல்தான் முழுதாக நடைமுறைக்கு வந்தது. எல்லோருடைய போனும் பொருந்த ஒரே மாதிரி ஜாக் வேண்டுமே? அதுதான் நம் வீட்டு லேண்ட்லைனிலும் பார்த்த ஆர்.ஜே.11. 'ஆர்.ஜே.' என்றால் பதிவு செய்யப்பட்ட ஜாக் என்று பொருள். டிக் என்று சத்தம் வருகிற அந்தப் பிளாஸ்டிக் துண்டை எத்தனை தடவை கழற்றி மாட்டியிருப்பேன், பெயரை யோசித்ததே இல்லை.

1984-ல் ஏடி அண்ட் டி பிரிக்கப்பட்டது. 1987-லிருந்து வீட்டுக்குள் வயர் போடுவதும் பராமரிப்பதும் அரசு நிர்ணயித்த கட்டணப் பட்டியலிலிருந்து நீங்கின. கடையில் வயர் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தானே ஜாக் மாட்டிக்கொள்வது சாதாரணமாகிப் போனது. இன்று அங்கே பெரும்பாலோர் வீட்டில் லேண்ட்லைனே இல்லை. சுவரில் ஜாக் மட்டும் இருக்கிறது.

மாமா வீட்டில் கடைசியில் மூன்று இடத்தில் சாக்பீஸ் குறி விழுந்தது. மூன்றுக்கும் பைப் போட்டாயிற்று. ஃபைபர் இணைப்புப் பெட்டி எந்த இடத்தில் வரும் என்று மட்டும் கம்பெனி ஆள் வந்துதான் சொல்வாராம். பெட்டி அவர்களுடையதாம்.