ஏரிப்பட்டியும் ஆய்வு நல்கையும்: ஓசூர் எல்லைப்புறத்து நகரச் சூழலியல் ஆய்வு பற்றிய வரலாற்று நோக்கு

1. முன்னுரை

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில் அமைந்த ஓசூர், அவ்வூர்ச் சந்திரசூடேசுவரர் கோயிற் கல்வெட்டுக்களில் செவிடபாடி எனப் பெயர் பெறும். இன்று வழங்கும் பெயர் புதிய ஊர் என்னும் பொருளுடைய கன்னடச் சொல்லாகும். பொருளுக்கேற்பவே அண்மைக் காலத்து அவ்வூர் புத்துருக் கொண்டது. 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் அப் பத்தாண்டிலேயே ஈண்டுத் தொழிற்பேட்டை அமைத்தது. ஊர்திகள், கைக்கடிகாரங்கள் முதலியவற்றைச் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் பின்னர் எழுந்தன. 2004இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று.

இந் நகர்க்கு அணித்தே யானைக் காடுகள் உள்ளன. கேழ்வரகு விளையும் பருவத்துப் பன்னேர்கட்டாக் காட்டினின்றும் யானைக் கூட்டங்கள் எல்லை கடந்து தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளுக்கு வருகின்றன. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீர் தென்பெண்ணையிற் கலந்து, கெலவரப்பள்ளி அணைக்கண் நுரையாய்ப் பொங்குகின்றது. இத்தகைய நிலத்தின் நீரையும் மரத்தையும் புள்ளையும் விலங்கையும் ஆராயப் புகும் இளைஞர்க்குப் பொருள் நல்கியவர் யாவர், எந் நோக்கத்தால் நல்கினர், எத்துணைக் காலத்திற்கு நல்கினர் என்பனவற்றை ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஏரிப்பட்டி

ஊரின் இயற்கை வளத்திற்கென நிலையான பொருள் ஒதுக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. ஏரியைக் காக்கும் பொருட்டு விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனக் கல்வெட்டுக்களிற் குறிக்கப்பெறும். அந் நிலத்தின் விளைவு கரை உயர்த்தவும் தூர் அகற்றவும் ஆண்டுதோறும் பயன்பட்டது. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்பனவற்றைக் கூறுகின்றன. வாரியப் பெருமக்கள் ஆண்டுதோறும் மாறினர். ஏரிக்குரிய முதல் மாறவில்லை.

ஏரிப்பட்டி ஆய்வுக்கு விடப்பட்டதன்று, பேணுதற்கு விடப்பட்டதே என ஒருவர் தடை கூறலாம். அஃது உண்மையே. எனினும், பொருளைத் தனி ஒருவர்க்கு உரிமையாக்காது நீர்நிலைக்கு உரிமையாக்கிய முறை ஈண்டுக் கருதத்தக்கது. ஆள் மாறினும் பணி அறுபடாமைக்கு அதுவே காரணம்.

3. கும்பினியார் காலம்

சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் 1792இல் பாராமகால் கும்பினியார் கைப்பட்டது. அலெக்சாண்டர் ரீடு அந் நாட்டின் நிலத்தையும் குடிகளையும் அளந்தறியத் தலைமை பூண்டார். அவர்க்குத் துணையாயினோருள் ஒருவர், அக் காலத்து முப்பத்தோரு வயதினரான தாமசு மன்றோ. அவர் 1799 வரை அப் பகுதியிலேயே பணியாற்றினார். பாராமகால் ஆவணங்கள் எனப் பின்னர் அச்சேறிய பெருந்தொகுதி அவ் வேழாண்டு உழைப்பின் பயனாகும். மண், நீர், பயிர், கால்நடை ஆகியவற்றை அறிய விழைவார்க்கு அஃது இன்றும் ஒரு சுரங்கம்.

ஆயின், அம் முயற்சிக்கு முதற்காரணம் வரியே. 1824இல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் தோன்றிய பண்ணையும் படைக்கு வேண்டிய குதிரைகளைப் பேணும் பொருட்டே அமைந்தது. வரி தாராத புள்ளும் படைக்கு உதவாத செடியும் நல்கை பெற்றில. எனினும், இளையோரை ஓரிடத்துப் பல்லாண்டு இருத்திப் பொருள் நல்கியவிடத்து அறிவு திரண்டது என்பது நோக்கத்தக்கது.

4. அறிவியலாரும் நல்கையும்

இருபதாம் நூற்றாண்டில் நிலை வேறாயிற்று. பறவையியல் அறிஞர் சாலிம் அலி, நிலையான வேலையின்றி இருந்த காலத்து, 1931இல் ஐதராபாத் நாட்டுப் பறவைக் கணக்கெடுப்பை மேற்கொண்டார். ஊதியம் வேண்டா, செலவு மட்டும் அளித்தாற் போதும் என்பது அவர் முன்வைத்த ஏற்பாடு. திருவிதாங்கூர், கொச்சி, மைசூர் நாடுகளின் பறவைகளையும் அவர் பின்னர் ஆராய்ந்தார். அவருடைய அருந்தொண்டைப் போற்றும் நாம், செலவு மட்டும் பெற்று வாழ இயலாத எத்துணை இளைஞர் இத் துறைக்கண் புகாதே ஒழிந்தனர் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 1980ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் இரா. சுகுமார், பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தின் முனைவர் பட்ட ஆய்வாளராக, சாமராசநகர், சத்தியமங்கலப் பகுதிகளின் யானைகளை ஆராய்ந்தார். யானை விளைநிலம் புகுதற்குரிய காரணங்கள் அவ் வாய்வின் ஒரு கூறு. நூல் 1989இல் வெளிவந்தது. மாநில எல்லை அவ் வாய்வுக்குத் தடையாகாமை குறிப்பிடத்தக்கது. ஆயினும், அவர் ஆராய்ந்தது காட்டையும் காட்டை அடுத்த சிற்றூர்களையுமே. தொழில் நகரை அன்று.

5. இற்றை நிலை

பல்கலைக்கழக நல்கைக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் திங்களுக்கு 37,000 ரூபாயாக உயர்ந்தது. தொகை உயர்ந்தமை நன்றே. ஆயின், இளநிலை, முதுநிலை இரண்டும் கூடி ஐந்தாண்டுக்கு மேற்படா. களம் தேர்தலும் ஆய்வேடு எழுதுதலும் போக, ஏரியை நேரிற் காணும் காலம் இரண்டு மூன்று ஆண்டுகளே. மழை பொய்த்த ஆண்டு ஒன்றும் மிக்க ஆண்டு ஒன்றும் ஆராய்ச்சிக் காலத்துள் வாராதொழியின், ஏரியின் இயல்பு விளங்காது. பட்டம் பெற்றவர் வேறிடம் செல்வார்; அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குவார்.

நெடுங்கால ஆய்வின் இன்றியமையாமையை அரசு அறியாமலில்லை. நடுவண் அரசு 2015இல் அறிவித்த நெடுங்காலச் சூழலியல் நோக்கிடங்கள் இமயம், பாலை, நடுவிந்தியக் காடு, மேற்குத் தொடர்ச்சிமலை, அந்தமான், சுந்தரவனம் முதலிய எட்டு நிலப்பகுதிகளைத் தழுவியவை. அவற்றுள் நகரம் என ஒரு வகை இல்லை. அமெரிக்க நாட்டிலும் 1980இல் இத்தகைய திட்டம் தொடங்கியபோது நகரங்கள் இடம்பெறவில்லை. 1997இற்றான் பால்டிமோர், பீனிக்சு என்னும் இரு நகரங்கள் சேர்க்கப்பெற்றன. அவர் பதினேழு ஆண்டுகளிற் கண்ட குறையை நாமும் களைதல் கூடும்.

6. கல்வெட்டும் சூழலியலும்

இஃது அறிவியலார்க்கே உரிய செய்தி, தமிழ்த் துறையினர்க்கு இதில் யாது பங்கு எனின், கூறுதும். பெங்களூரின் இயற்கை வரலாற்றை எழுதிய அரிணி நாகேந்திரா, தம் நூலுக்கு (2016) கல்வெட்டுக்களையும் சான்றாகக் கொண்டார். பெங்களூர் வட்டாரத்துக் கல்வெட்டுக்களை பி. லூயி ரைசு 1905இல் பதிப்பித்தார். அவற்றுட் பல தமிழ்க் கல்வெட்டுக்கள். ஏரி வெட்டியமையும், காடு திருத்தி ஊராக்கியமையும், நிலத்தின் எல்லையாக மரமும் குளமும் குறிக்கப்பட்டமையும் இத்தகைய சாசனங்களிற் காணப்படும். போசள இராமநாதன் இருந்து ஆண்ட குந்தாணியும் ஓசூருக்கு அணித்தேயுளது. தருமபுரி, கிருட்டிணகிரி நடுகற்களுள் புலியொடு பொருது மாய்ந்தார்க்கு எடுத்தவையும் உள. அவை வீரத்தின் சான்றாதலோடு, விலங்கு வாழ்ந்த இடத்தின் சான்றும் ஆகும்.

இவற்றைப் படிக்க வல்லார் சூழலியல் அறியார். சூழலியல் வல்லார் இவற்றைப் படிக்க அறியார். நல்கை வழங்கும் குழுக்களோ துறைவாரியாகப் பிரிந்து நிற்கின்றன. இரு துறைக்கும் இடைப்பட்ட ஆய்வுப் பொருளை எடுத்துக்கொண்ட இளைஞர், எக் குழுவிடம் விண்ணப்பிப்பது என அறியாது அப் பொருளையே கைவிடும் நிலை நேர்கின்றது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். ஒன்று: நல்கை ஆய்வாளரோடு முடியாது, ஏரிப்பட்டி போல் இடத்தைச் சார்ந்து நிற்றல் வேண்டும். ஓசூர் இராமநாயக்கன் ஏரிக்கென ஓர் ஆய்விருக்கை அமையின், ஆய்வாளர் மாறினும் குறிப்பேடு தொடரும். இரண்டு: தென்பெண்ணைக்கும் யானைக்கும் மாநில எல்லை இல்லையாகலின், தமிழகமும் கருநாடகமும் கூடி அந் நல்கையை வழங்குதல் வேண்டும். மூன்று: கல்வெட்டறிவும் உயிரியலறிவும் உடைய இருவர் ஒரு நல்கையின்கீழ்ப் பணிபுரிய இடம் வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதின்று. தொழிற்சாலைகள் தம் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலத்திற்குச் செலவிடுதல் வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் விதி. உரிய வரம்பிற்கு உட்பட்டன யாவும் அதற்குக் கட்டுப்பட்டவை. சுற்றுச்சூழற் பாதுகாப்பு அச் சட்டம் வகுத்த பணிகளுள் ஒன்றாதலால், மரம் நடும் விழாவோடு நில்லாது ஏரியை ஆண்டுதோறும் அளந்து எழுதும் பணிக்கும் அதன் ஒரு பகுதியை ஒதுக்க வழி தேடுதல் தகும். முதுகலை மாணவரும் தத்தம் ஊர் ஏரியின் பெயரையும் அதுபற்றிய சாசனத்தையும் தொகுத்து வைப்பாராயின், வருங்கால ஆய்வாளர்க்கு அதுவே முதற் பொருளாகும்.