ஒரு படம், நான்கு ஒளிப்பதிவாளர்கள்: புனேயின் யுக்த் கூட்டுறவும் சுயாதீனத் திரைப்படத்தின் உழைப்பு வரலாறும்

1976இல் உருவான ‘காஷிராம் கோத்வால்’ என்னும் மராத்தித் திரைப்படத்தின் பெயர்ப்பட்டியலில் இயக்கத்துக்கு நால்வரின் பெயர்கள் தொடர்புபடுத்தப்படுகின்றன: கே. ஹரிஹரன், மணி கௌல், கமல் ஸ்வரூப், சயீத் அக்தர் மிர்ஸா. திரைப்பட வரலாற்று நூல்கள் இதனை ஒரு விநோதமாகக் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அதே பட்டியலில் ஒளிப்பதிவுக்கும் நான்கு பெயர்கள் உள்ளன: பினோத் பிரதான், ராஜேஷ் ஜோஷி, மன்மோகன் சிங், வீரேந்திர சைனி. இதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. உண்மையில் இரண்டாவது செய்திதான் கூடுதல் வியப்புக்குரியது. ஒரு படத்தின் பார்வை ஒருவருடையது, அதற்கான ஊதியமும் பெயரும் ஒருவருக்கே உரியவை, எஞ்சியோர் அவருடைய உதவியாளர்கள் என்பதே திரைத்தொழிலின் எழுதப்படாத விதி. அந்த விதியை மீறத் துணிந்தவர்கள் அனைவரும் புனே திரைப்படக் கழகத்தின் மாணவர்கள் அல்லது பழைய மாணவர்கள். அவர்கள் அமைத்துக்கொண்ட நிறுவனத்தின் பெயர் யுக்த் திரைப்படக் கூட்டுறவு.

இந்தியச் சுயாதீனத் திரைப்படத்தின் வரலாறு பெரும்பாலும் இயக்குநர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களின் உழைப்பு எவ்வாறு அமைப்பாக்கப்பட்டது, யார் யாருக்காகக் கூலியின்றி உழைத்தார், அந்த உழைப்பு எந்த உரிமையைத் தந்தது என்ற கேள்விகளைக் கேட்டால் வேறொரு வரலாறு தென்படுகிறது. அதன் தொடக்கம் கழகத்துக்கும் முந்தையது.

புனேயின் சட்டக் கல்லூரிச் சாலையில் கழகம் அமைந்துள்ள வளாகம் பிரபாத் ஃபிலிம் கம்பெனிக்கு உரியதாக இருந்தது. 1929இல் கோலாப்பூரில் தொடங்கப்பட்டு 1933இல் புனேவுக்கு இடம்பெயர்ந்த அந்நிறுவனத்தின் பங்குதாரர்கள் ஐவர்: வி. சாந்தாராம், வி. ஜி. தாம்லே, எஸ். ஃபத்தேலால், கே. ஆர். தாய்பர், எஸ். பி. குல்கர்ணி. இவர்களில் குல்கர்ணி ஒருவரே முதலீட்டாளர். தாய்பர் ஒளிப்பதிவாளர், ஃபத்தேலால் கலை இயக்குநர், தாம்லே பின்னர் ஒலிப்பதிவைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர். கோலாப்பூரில் பாபுராவ் பெயின்டரின் மகாராஷ்டிரா ஃபிலிம் கம்பெனியில் கைத்தொழில் கற்றுக்கொண்டு வெளியேறியவர்கள், அடுத்த நிறுவனத்தைத் தாங்களே உரிமையாளர்களாக நின்று தொடங்கினர். 1936இல் ‘சந்த் துக்காராம்’ படத்தை இயக்கியவர்களும் இந்தத் தாம்லே – ஃபத்தேலால் இணையரே. மறு ஆண்டு வெனிஸ் விழாவில் பாராட்டப்பட்ட அப்படம், ஓர் ஒலிப்பதிவாளரும் ஒரு கலை இயக்குநரும் இணைந்து இயக்கியது என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது. (பிரபாத்தின் தயாரிப்புகளுள் 1934இல் வெளிவந்த தமிழ்ப்படமான ‘சீதா கல்யாண’மும் ஒன்று, தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்க ஆண்டுகளில் மராத்தி ஸ்டூடியோக்களின் பங்கு தனியே ஆராயத்தக்கது.)

பிரபாத் 1950களில் மூடப்பட்டது. எஸ். கே. பாட்டீல் தலைமையிலான திரைப்பட விசாரணைக் குழு 1951இல் அளித்த அறிக்கையில் ஒரு பயிற்சிக் கழகமும் ஒரு நிதிக் கழகமும் வேண்டுமெனப் பரிந்துரைத்திருந்தது. இரண்டும் 1960இல்தான் உருப்பெற்றன. திரைப்பட நிதிக் கழகம் பம்பாயிலும், பயிற்சிக் கழகம் பிரபாத்தின் பழைய படப்பிடிப்புத் தளங்களிலும் அமைந்தன. 1964இல் தேசியத் திரைப்படக் காப்பகமும் புனேயில் நிறுவப்பட்டது.

கழகத்தின் பாடத்திட்டம் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு எனப் பிரிக்கப்பட்டிருந்தது. ரித்விக் கட்டக் மரத்தடியில் நடத்திய வகுப்புகளும், சதீஷ் பகதூரின் திரைப்பட ரசனைப் பாடங்களும், காப்பகத்திலிருந்து பி. கே. நாயர் வரவழைத்துத் திரையிட்ட படங்களும் ஏராளமான நினைவுக்குறிப்புகளில் இடம்பெற்றுள்ளன. ஆனால், கழகத்தின் மிக நீடித்த பாடம் அதன் பயிற்சி முறையிலேயே பொதிந்திருந்தது. பட்டயப் படம் எடுக்க ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு மாணவர் சேர்ந்து ஒரு யூனிட் அமையும். அங்கே யாரும் யாருக்கும் முதலாளி இல்லை. ஒளிப்பதிவு மாணவருக்கு அப்படம் இயக்குநரின் படம் அன்று. அது அவருடைய பட்டயத்துக்கான படமும்கூட. ஆகவே எந்த லென்ஸ், எத்தனை டேக் என்பதெல்லாம் விவாதித்து முடிவு செய்யப்பட வேண்டியவை. படச்சுருள் அளந்தே தரப்பட்டது. வண்ணப்படச் சுருள் இறக்குமதியை நம்பியிருந்த காலம் அது. ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960களின் பிற்பகுதியில் தயாரிக்கத் தொடங்கிய ‘இந்து’ சுருள் கறுப்பு வெள்ளை மட்டுமே. 35 மி.மீ. கேமராவில் ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடங்களில் தீர்ந்துபோகும். ஓர் அடி வீணானாலும் நால்வருக்கும் இழப்பு என்ற நிலையில் பிறந்த கூட்டுப்பொறுப்பு, பிற்காலச் சுயாதீனப் படங்களின் வேலைமுறையாக மாறியது.

இந்த மாற்றம் முதலில் வெளிப்பட்ட இடம் கே. கே. மகாஜனின் பணி. 1966இல் கழகத்திலிருந்து வெளிவந்த அவர், நிதிக் கழகக் கடனில் உருவான மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ (1969), மணி கௌலின் ‘உஸ்கி ரோட்டி’ (1970), குமார் சஹானியின் ‘மாயா தர்ப்பண்’ (1972) ஆகிய மூன்றுக்கும் ஒளிப்பதிவு செய்தார். பாசு சட்டர்ஜியின் ‘சாரா ஆகாஷ்’ படமும் அவருடையதே. நான்கு இயக்குநர்களின் அழகியல்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. ‘உஸ்கி ரோட்டி’யில் 28 மி.மீ., 135 மி.மீ. என்ற இரண்டே லென்ஸ்களை வைத்து, மனத்தின் வெளியையும் நடப்பின் வெளியையும் பிரித்துக்காட்டி, பின் அப்பிரிவையே குலைக்கும் திட்டத்தை மணி கௌல் வகுத்தார் என்பது பலரும் அறிந்தது. அத்திட்டத்தை நெடுஞ்சாலை வெயிலில் நிறைவேற்றியது மகாஜனின் கை. ‘புதிய அலை’ என்று நாம் பெயரிட்டு அழைக்கும் இயக்கத்தில் அந்த ஆண்டுகளின் தொடர்ச்சியை எந்த இயக்குநரிடமும் காண முடியாது. ஓர் ஒளிப்பதிவாளரிடமே காண முடியும்.

1970களின் நடுவில் இந்த ஏற்பாடு ஆட்டங்கண்டது. கடன் திரும்பவில்லை; படங்களைத் திரையிட அரங்குகள் இல்லை. 1976இல் நாடாளுமன்றத்தின் பொதுத்துறை நிறுவனங்கள் குழு, கலைப்படங்களுக்கு நிதிக் கழகம் அளித்த ஆதரவைக் கடுமையாக விமரிசித்தது. நெருக்கடிநிலை நடப்பில் இருந்த காலம் அது. அவ்வாண்டில்தான் யுக்த் தோன்றியது.

அவர்கள் தேர்ந்துகொண்ட கதையும் தற்செயலானது அன்று. விஜய் தெண்டுல்கரின் நாடகத்தை புரோகிரசிவ் டிராமாட்டிக் அசோசியேஷன் 1972 டிசம்பர் 16 அன்று புனேயில் ஜப்பார் படேலின் இயக்கத்தில் அரங்கேற்றியது. 1791இல் புனேயில் கல்லெறிந்து கொல்லப்பட்ட நகரக் காவல் தலைவன் காஷிராமும், அவனை வளர்த்துவிட்டுக் கைவிட்ட பேஷ்வா அமைச்சர் நானா ஃபட்னவிஸும் அதன் பாத்திரங்கள். நானாவை இழிவுபடுத்துவதாகவும் பிராமண விரோதமாகவும் இருப்பதாக எழுந்த எதிர்ப்பால் பத்தொன்பது காட்சிகளோடு அமைப்பு அதனை நிறுத்திக்கொண்டது. நடிகர்களும் கலைஞர்களும் வெளியேறித் தியேட்டர் அகாதமி என்ற தங்கள் சொந்தக் குழுவை அமைத்து நாடகத்தைத் தொடர்ந்தனர். நிறுவனம் கைவிட்ட படைப்பை உழைத்தவர்களே கையில் எடுத்துக்கொண்ட நிகழ்வு இது. நாடகத்துக்கு இசையமைத்த பாஸ்கர் சந்தாவர்க்கர் திரைப்படக் கழகத்தில் ஆசிரியர். இரு குழுக்களும் சந்தித்துக்கொள்ள நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

யுக்த் வங்கிக் கடன் பெற்றுப் படத்தைத் தொடங்கியது. திரைக்கதையை தெண்டுல்கரே எழுதினார். நானாவாக மோகன் அகாஷே, காஷிராமாக ஓம் புரி. பின்னவருக்கு அது முதல் படம். மேடையின் மனிதச் சுவரையும் பாடலையும் அப்படியே பதிவு செய்யாமல், நகர்ந்துகொண்டே இருக்கும் நீண்ட, வெட்டில்லாத காட்சித்துண்டுகளாக அதை மாற்றி அமைத்தனர். ஹங்கேரியின் மிக்லோஷ் யாஞ்சோவின் தாக்கம் அதில் வெளிப்படை. நீண்ட காட்சித்துண்டு என்பது வெறும் பாணி அன்று, ஓர் உழைப்பு முறை. பல நிமிடங்கள் வெட்டின்றி ஓடும் காட்சியில் ட்ராலி தள்ளுபவர், ஃபோகஸ் பிடிப்பவர், கேமரா இயக்குபவர், ஒலிவாங்கி ஏந்துபவர், நடிகர் ஆகிய எல்லோரும் ஒரே மூச்சில் தவறாமல் இயங்க வேண்டும். ஒருவர் தடுமாறினாலும் முழுச் சுருளும் வீண். அதிகாரம் தன் கருவிகளைத் தேர்ந்து, பயன்படுத்தி, எறிந்துவிடும் கதையை, யாரையும் வெறும் கருவியாக்காத ஒரு யூனிட்டைக் கொண்டு எடுக்க முயன்றனர் என்பதில்தான் இப்படத்தின் அரசியல் அடங்கியிருக்கிறது. ஒளிப்பதிவில் நான்கு பெயர்கள் இடம்பெற்றதன் பொருளும் அதுவே.

ஆயினும் இதனை இலட்சியப்படுத்திவிடக் கூடாது. கூட்டுறவின் சமத்துவம் பட்டயம் பெற்றவர்களுக்கு இடையேயான சமத்துவம். விளக்குத் தூக்கியவர்கள், தச்சர்கள், ஒப்பனை உதவியாளர்கள், சமைத்துப் போட்டவர்கள் ஆகியோர் அதன் உறுப்பினர்களாகக் கருதப்பட்டதாகத் தெரியவில்லை. கூலியைத் தள்ளிவைத்து உழைப்பது என்பதும், தள்ளிவைக்கும் வசதி உள்ளவர்களுக்கே இயலும். அரங்குகளில் பரவலாக ஓடாத படம் பங்காளிகளுக்குப் பகிர்ந்தளித்தது பெரும்பாலும் கடனையே. சயீத் மிர்ஸாவின் ‘அர்விந்த் தேசாய் கி அஜீப் தாஸ்தான்’ (1978) படத்தோடு யுக்தின் சுவடு மங்கிவிடுகிறது.

உறுப்பினர்கள் சிதறிய திசைகளே ஒரு வரலாறு. வீரேந்திர சைனி ‘ஸ்பர்ஷ்’, ‘சஷ்மே பத்தூர்’ வழியாக ‘சலீம் லங்டே பே மத் ரோ’ (1989) வரை மாற்றுப்படங்களோடு நின்றார். மன்மோகன் சிங், யஷ் சோப்ராவின் ‘சாந்தனி’க்கும் ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’வுக்கும் ஒளிப்பதிவு செய்தார். பினோத் பிரதான் ‘ஜானே பி தோ யாரோ’வின் (1983) ஒளிப்பதிவாளர். சுமார் ஏழு லட்ச ரூபாயில் முடிக்கப்பட்ட அப்படத்தில் யுக்தின் வேலைமுறை இன்னொரு உருவில் உயிர்பெற்றது எனலாம்: குந்தன் ஷாவும் படத்தொகுப்பாளர் ரேணு சலூஜாவும் கழகத்தவர்கள், தயாரிப்பு மேற்பார்வையாளரான விது வினோத் சோப்ரா, நடிகர் வராததால் தாமே துச்சாதனன் வேடம் கட்டினார். அதே பிரதான்தான் 2002இல் ‘தேவ்தாஸ்’ படத்தின் கண்ணைப் பறிக்கும் மாளிகைகளையும் ஒளிப்பதிவு செய்தார். வணிகப்படத்தின் செல்வச் செழிப்பான பிம்பங்களைச் சமைத்த கைகளில் சில, கடன்பட்ட கூட்டுறவில் பழகியவை.

தெற்கிலும் இந்த வேலைமுறை வேர்விட்டது. மதுராந்தகத்தில் பிறந்து புனேயில் ஒளிப்பதிவு பயின்ற ராமச்சந்திர பாபு, உடன் பயின்ற ஜான் ஆபிரகாமின் முதல் மலையாளப் படத்துக்கும், பின்னர் தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’க்கும் (1977) ஒளிப்பதிவு செய்தார். மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த பாலு மகேந்திரா 1969இல் ஒளிப்பதிவுப் பட்டயத்தோடு வெளிவந்தார். ‘வீடு’ போன்ற படங்களில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றையும் தாமே ஏற்ற அவர், யுக்த் பலருக்குப் பகிர்ந்ததை ஒருவருக்குள் குவித்தார். செலவைச் சுருக்குவதற்கான எதிர்த்திசை வழி அது. கே. ஹரிஹரன் சென்னையிலிருந்து ‘ஏழாவது மனிதன்’ (1982) எடுத்தார். ஜான் ஆபிரகாமோ 1984இல் ஒடேசா அமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று மக்களிடம் திரட்டிய பணத்தில் ‘அம்ம அறியான்’ (1986) படத்தை உருவாக்கினார். அதன் ஒளிப்பதிவாளர் வேணுவும் படத்தொகுப்பாளர் பீனா பாலும் புனேயில் பயின்றவர்களே. கூட்டுறவின் உறுப்பினர் வட்டம் பார்வையாளர் வரை விரிந்தது அங்கேதான்.

2003 ஜனவரியில் புனே வளாகத்தின் சேமிப்பறைகளில் ஏற்பட்ட தீயில் பிரபாத்தின் பழைய நைட்ரேட் படச்சுருள்களும் எரிந்தன. ‘காஷிராம் கோத்வால்’ படமும் நெடுங்காலம் காணக் கிடைக்காததாகவே இருந்தது. பெர்லினின் ஆர்செனல் நிறுவனத்தின் காப்பகத்தில் எஞ்சியிருந்த படியிலிருந்து அது எண்மமாக்கப்பட்டு, 2014 பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் திரையிடப்பட்டது. புனே நகரத்தின் கதையை, புனேயில் கூடிய ஒரு நாடகக் குழுவோடு, புனேயில் பயின்றவர்கள் எடுத்த படம், முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு ஜெர்மன் காப்பகத்திலிருந்து திரும்ப வந்தது. அந்த நான்கு ஒளிப்பதிவாளர்களில் எந்தக் காட்சியை எவர் எடுத்தார் என்பதைப் படத்தைப் பார்த்துப் பிரித்தறிய முடிவதில்லை.