வெயில் கட்டிய வளையங்கள்

பொலோஞ்ஞா பல்கலைக்கழக வேதியியல் கூடத்தின் மேல்தளத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கண்ணாடிக் குடுவைகள் வரிசை வரிசையாக வெயில் காய்ந்தன. அவற்றை அங்கே வைத்தவர்கள் ஜாக்கோமோ சமிச்சியானும் அவருடைய துணைவர் பால் சில்பரும். சீமைச் சோம்பின் மணத்துக்குக் காரணமான கார்வோன் என்னும் சேர்மத்தை ஓராண்டுக் காலம் இத்தாலிய வெயிலில் வைத்திருந்து, அது புதியதொரு பொருளாக மாறியதை 1908இல் இவர்கள் அறிவித்தனர். அப்பொருளுக்குக் கார்வோன்கற்பூரம் என்று பெயரிட்டனர். அதன் கட்டமைப்பைப் பூக்கியும் கோல்ட்மனும் ஐயமற உறுதிப்படுத்தியது 1957இல்தான். ஒரே மூலக்கூறின் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் தமக்குள் இணைந்து, நான்கு கரிம அணுக்கள் கொண்ட வளையத்தை உண்டாக்கியிருந்தன.

இந்நான்கணு வளையத்தை ஒளியால் எளிதில் கட்ட முடிவது ஏன்? 1965இல் உட்வர்டும் ஹாஃப்மனும் வெளியிட்ட விதிகள் விடை தந்தன. இரண்டு இரட்டைப் பிணைப்புகள் நேருக்கு நேர் ஒருசேர இணைவதை, வெப்பத்தால் நிகழும் வினையில் சுற்றுப்பாதைகளின் சமச்சீர்மை தடுக்கிறது. ஒளியால் கிளர்வுற்ற நிலையில் அத்தடை இல்லை. இவ்விதிகள் எழுதப்படுமுன்பே இவ்வினையின் பயன் தெரிந்துவிட்டது. கிராம்பிலும் மிளகிலும் உள்ள காரியோஃபிலினை 1964இல் ஆர். பி. மித்ரா, எச். ஊதா ஆகியோருடன் தொகுத்த இ. ஜே. கோரி, அதன் நான்கணு வளையத்தை ஒளியைக் கொண்டே அமைத்தார்.

ஆயினும் ஒரு குறை நெடுங்காலம் தீரவில்லை. வலக்கையும் இடக்கையும் போல ஒன்றன் ஆடிப் பிம்பமாக மற்றொன்று அமையும் இரு வடிவங்களில், வேண்டிய ஒன்றை மட்டும் பெறும் வழி ஒளிவேதியியலில் அரிதாக இருந்தது. வெப்ப வினைகளில் வினையூக்கியைத் தொடாத மூலக்கூறு பெரும்பாலும் வாளா இருக்கும். புற ஊதா ஒளியோ அத்தகைய மூலக்கூறையும் கிளர்த்திவிடும். அது தன்போக்கில் வினைபுரிந்து இரு வடிவங்களையும் சம அளவில் தரும். வினையூக்கியின் தேர்வு அந்தக் கலவையில் கரைந்துபோகும்.

படிகங்கள் ஒரு வழி காட்டின. திண்மத்தில் மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கும் முறையே விளைபொருளின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஷ்மிட் 1964இல் காட்டினார். இரட்டைப் பிணைப்புகள் இணையாகவும் ஏறத்தாழ 4.2 ஆங்ஸ்ட்ராம் இடைவெளிக்குள்ளும் இருக்கவேண்டும் என்பது அவர் வகுத்த வரையறை. 1980களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வெங்கடேசனும் இராமமூர்த்தியும் தம் குழுவினருடன் கூமரின் படிகங்களை ஆராய்ந்து, அவ்வரையறையின் எல்லையைச் சோதித்தனர். பிணைப்புகள் இணையாக அமையாத 7-மெத்தாக்சிகூமரின் படிகமும் ஒளியில் வளையம் கட்டியது. ஆனால் படிகத்தின் அடுக்கை வேதியியலார் விரும்பியபடி வகுப்பது எளிதன்று.

கரைசலில் தீர்வு வந்தது இந்நூற்றாண்டில்தான். விஸ்கான்சினில் தெஹ்ஷிக் யூனின் குழு 2008இல் ஒரு ருத்தீனியச் சேர்மத்தைப் பயன்படுத்தியது. கண்ணுறு ஒளியை உறிஞ்சுவது வினைபடு மூலக்கூறன்று, அவ்வுலோகச் சேர்மமே. 2013இல் மியூனிக்கில் பிரிமியூலும் பாஹும் கைத்தன்மை கொண்ட லூயி அமிலத்தைக் கையாண்டனர். அது பிணைந்த மூலக்கூறு நீண்ட அலைநீள ஒளியைப் பிணையாததைவிட மிகுதியாக உறிஞ்சியது. 2014இல் யூனின் குழு இரு வினையூக்கிகளை இணைத்தது: ருத்தீனியம் ஒளியை வாங்க, யூரோப்பியம் வடிவத்தைத் தேர்ந்தது. இரண்டும் கூடினாலன்றி வினை இல்லை என்பதால் தன்போக்கு வினைக்கு இடமில்லாமற் போயிற்று.

1912இல் நியூயார்க் உரையில், நிலக்கரியை விடுத்துச் சூரிய ஒளியால் இயங்கும் தொழில்துறையைச் சமிச்சியான் எதிர்நோக்கினார். அவரைக் காலத்தை முந்திய தீர்க்கதரிசி என்று மட்டும் போற்றுவது இவ்வரலாற்றைச் சுருக்கிவிடும். வினையைத் தூண்டும் ஆற்றல் அவருடைய வெயிலிலேயே இருந்தது. அதற்குத் திசை காட்டும் வினையூக்கியே இல்லாதிருந்தது. படிகவியல், சமச்சீர்மைக் கோட்பாடு, உலோக வேதியியல் என்று தனித்தனியே வளர்ந்த துறைகள் சந்தித்த பிறகே அந்தத் திசை கிடைத்தது. அதற்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஓர் ஆய்வின் பயனை ஐந்தாண்டுத் திட்ட அறிக்கைக்குள் அளந்துவிடத் துடிக்கும் நம் பல்கலைக்கழகங்கள் கருத வேண்டிய கணக்கு இது.