டிஸ்க்குல ஒண்ணு, திரையில ஒண்ணு

எடிட்டர்ல ஒரு ஃபைலைத் திறந்து வெச்சு பாதி திருத்தியிருக்கீங்க. அதே நேரத்துல வேற ஏதோ புரோகிராம் அதே ஃபைலை டிஸ்க்குல மாத்திடுது. இப்ப சேவ் அடிச்சா யார் எழுதினது பிழைக்கும்? கேக்க சின்னக் கேள்வி. ஆனா நம்ம துறை இதோட ஐம்பது வருஷத்துக்கு மேல மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கு. பொட்டி தட்டாத நண்பர்களும் படிக்கலாம், பயப்படாதீங்க :-)

1969ல் கென் தாம்ப்ஸன் யுனிக்ஸுக்காக எழுதிய 'எட்' எடிட்டரிலிருந்து ஆரம்பிப்போம். அதில் நீங்க திருத்துறது ஃபைலை இல்லை, அதோட நகலை. எழுதச் சொல்லும்போதுதான் அது டிஸ்க்குக்குப் போகும். எத்தனை எழுத்து எழுதினேன்னு ஒரு எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். நடுவுல வேற யாராவது கை வெச்சாங்களான்னு பார்க்காது. கடைசியா எழுதினவர் ஜெயிச்சார். முன்னாடி எழுதினவருக்குத் தோத்தது கூடத் தெரியாது. ஒரே மிஷின்ல பல பேர் உக்காந்து வேலை பார்த்த காலம் வேற.

இதுக்கு முதல்ல கண்டுபிடிச்ச மருந்து பூட்டு. 1972ல் பெல் லேப்ஸில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய எஸ்சிசிஎஸ், லைப்ரரி புத்தகம் மாதிரி. திருத்தணும்னா உங்க பேர்ல எடுத்துக்கணும், திருப்பித் தர்ற வரைக்கும் அடுத்தவர் காத்திருக்கணும். எடுத்தவர் லீவுல ஊருக்குப் போயிட்டா என்ன பண்றதுன்னு கேக்காதீங்க. ஈமேக்ஸ் எடிட்டரும் ஒரு பூட்டு போடும். நீங்க அதே ஃபைலைத் திருத்தப் போனா, இன்னொருத்தர் கையில இருக்கே, பிடுங்கிக்கிறியா, பரவாயில்லையா, விட்டுடறியான்னு கேக்கும். நேர்மையான கேள்வி!

பூட்டை உடைச்ச கதைதான் எனக்குப் பிடிச்சது. ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூன்னு ஒரு பேராசிரியர், இரண்டு மாணவர்களோட சேர்ந்து ஒரு சி கம்பைலர் எழுதிட்டிருந்தார். ஒரு மாணவர் ஒன்பது மணிக்கு வந்து அஞ்சு மணிக்குப் போறவர். இன்னொருத்தர் எப்ப வருவார்னே தெரியாது. பேராசிரியருக்கோ சாயங்காலம்தான் நேரம். இந்த மூணு பேரும் பூட்டுக்காகக் காத்திருந்தா கம்பைலர் விளங்கினாப்பலதான். அதனால ஆளாளுக்கு ஒரு நகல் வெச்சுக்கோங்க, அப்புறமா ஒண்ணு சேர்த்துக்கலாம்னு அவர் எழுதினதுதான் 1986ல் வெளிவந்த சிவிஎஸ். முட்டிக்கிற இடத்தை மட்டும் மனுஷன் பார்த்தா போதும்.

எடிட்டர்கள் இந்த வழிக்கு வரலை. அவங்க நம்பினது ஃபைல் கடைசியா மாறின நேரத்தை. திறக்கும்போது குறிச்சு வெச்சுக்கிட்டு, சேவ் பண்ணும்போது ஒத்துப் பார்க்கிறது. சுலபமான வழிதான், ஆனா சாட்சி கொஞ்சம் தூக்கக் கலக்கம். டாஸ் காலத்து ஃபேட் முறையில் நேரம் இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் நகரும். அதுக்குள்ள ரெண்டு தடவை மாறினா வித்தியாசமே தெரியாது. 2005ல் வந்த கிட்டுக்கும் இதே தலைவலி. நேரம் சந்தேகமா இருந்தா உள்ளடக்கத்தையே ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரிதான் அதைச் சமாளிச்சாங்க.

அதே 2005ல் லினக்ஸ் கெர்னலில் இனோட்டிஃபை சேர்ந்தது. எடிட்டர் போய்ப் போய்ப் பார்க்க வேண்டாம், மாறினா கெர்னலே கூப்பிட்டுச் சொல்லும். ஆனா ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனியா காவல் போடணும், அதுக்கு உச்சவரம்பும் உண்டு. வரம்பு தாண்டினா வர்ற பிழைச்செய்தி என்ன தெரியுமா? 'டிஸ்க்கில் இடமில்லை'! டிஸ்க் பாதி காலியா இருக்கும். இதைப் பார்த்துட்டு படங்களை அழிச்சவங்க எத்தனை பேரோ. போதாக்குறைக்கு, நெட்வொர்க் டிரைவில் வேற மிஷின் பண்ற மாற்றம் இதுக்குத் தெரியவே தெரியாது.

செய்தி வந்தாச்சு, அப்புறம்? நீங்க எதுவும் திருத்தாம இருந்தா விஎஸ் கோட் சத்தமில்லாம புதுசை ஏத்திக்கும். திருத்தியிருந்தா சேவ் பண்ண மறுத்து, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டும். விம் எடிட்டர் ரெண்டுலயும் உங்களைக் கேக்கும். எனக்கு விம் செய்றதுதான் சரின்னு படுது. கண்ணு முன்னாடி இருக்கிற எழுத்து சொல்லாம மாறக் கூடாது.

ஒரு காலத்துல பின்னாடி ஃபைலை மாத்தினது பக்கத்து டெர்மினல் ஆள். அப்புறம் பிராஞ்ச் மாத்துற கிட், அடிச்சு நேராக்குற ஃபார்மேட்டர். இப்போ ஏஐ உதவியாளர் ஒரே மூச்சுல இருபது ஃபைலை மாத்துது, அதுல நாலு நாம திறந்து வெச்சு திருத்திட்டிருக்கிறது. க்ரூனோட மூணு பேராவது வேற வேற நேரத்துல வந்தாங்க. இங்க ரெண்டு பேரும் ஒரே விநாடியில ஒரே வரியில நிக்கிறோம். 'மேலெழுதவா, விடவா'ன்னு அதே பழைய பெட்டிதான் இன்னும் வந்து நிக்குது.