சமைச்சது ஆர், பெயர் போட்டது ஆர்?

அமெரிக்கச் சாப்பாடு எண்டால் எங்களில் பலருக்கு ஞாபகம் வாறது பேர்கரும் பொரிச்ச கோழியும்தான். ஆனால் அந்த நாட்டு வீட்டுச் சமையல் புத்தகங்களைக் கால வரிசையில் பார்த்தால் வேறொரு கதை தெரியும். ஒரு பிரதேசத்தின் ருசி ஆரின் பெயரில் அச்சாகிறது என்ற கதை அது.

1796இல் ஹார்ட்ஃபோர்ட் நகரில் அமெலியா சிமன்ஸ் 'அமெரிக்கன் குக்கரி' என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டார். அமெரிக்கர் ஒருவர் எழுதி, அங்கேயே அச்சான முதல் சமையல் புத்தகமாக அதைச் சொல்வார்கள். இங்கிலாந்துப் புத்தகங்களில் இல்லாத சோளமாப் பண்டங்கள் அதில் இருந்தன. அதில் ஒன்று 'இந்தியன் புடிங்'. சோளத்தைப் பயிரிட்டுச் சமைக்கக் கற்றுக்கொடுத்த பூர்வகுடிகள் அங்கே ஒரு மாவுக்கு அடைமொழியாக மட்டும் மிஞ்சினார்கள்.

1824இல் மேரி ராண்டல்ஃபின் 'வேர்ஜினியா ஹவுஸ்வைஃப்' வந்தது. தென்பகுதிச் சமையலைப் பதிவு செய்த முன்னோடி நூல். அதில் வெண்டிக்காய்ச் சமையலும் உண்டு. வெண்டி ஆபிரிக்காவில் இருந்து வந்தது. அப்படியான வீடுகளில் அடுப்படியில் வெந்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினத்தவர்கள். அட்டையில் இருந்ததோ எசமானியின் பெயர்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடுத்த வருடம், 1866இல், மலிண்டா ரசல் மிச்சிகனில் ஒரு சின்னப் புத்தகம் அச்சிட்டார். டென்னசியில் பிறந்த சுதந்திரக் கறுப்பினப் பெண். கொள்ளையர்களிடம் காசைப் பறிகொடுத்தவர். ஊர் திரும்பக் காசு சேர்க்கத்தான் எழுதினார். ஒரு கறுப்பினப் பெண் எழுதியதாக இதுவரை தெரிந்த முதல் சமையல் புத்தகம் அதுதான். ஆனால் நூறு வருடங்களுக்கு மேலாக அது ஒருவரின் கண்ணிலும் படாமல் கிடந்தது.

1881இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏபி ஃபிஷரின் புத்தகம் வந்தது. அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். அதனால் 'ஜம்பலாயா' என்ற சோற்று வகை 'ஜம்பர்லீ' ஆனது. சோளமும் அவரையும் சேர்ந்த 'சக்கடாஷ்', 'சர்க்கிட் ஹாஷ்' ஆனது. சும்மா எழுத்துப்பிழை எண்டு இதைத் தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பிழைகளில்தான் அவருடைய வாய்ப்பேச்சு கேட்குது.

1976இல் எட்னா லூயிஸ் 'த டேஸ்ட் ஒஃப் கன்ட்ரி குக்கிங்' எழுதினார். வேர்ஜினியாவில் அவர் பிறந்த ஃப்ரீடவுன், அடிமைத்தளையில் இருந்து விடுபட்டவர்கள் உருவாக்கிய ஊர். அவருடைய தாத்தாவும் அவர்களில் ஒருவர். தென்பகுதிச் சாப்பாடு எண்டால் எண்ணெயில் பொரிச்சது மட்டும்தான் என்ற நினைப்பை அந்தப் புத்தகம் உடைத்தது. வசந்தம், கோடை எண்டு பருவம் பருவமாக, தோட்டத்தில் அப்போது விளைந்ததை வைத்துச் சமைக்கிறது. விடுதலை நாள் விருந்துக்கும் அதில் இடம் இருக்கு. இம்முறை சமைச்சவரே எழுதினார், தன் பெயரிலேயே.

2015இல் டோனி டிப்டன்-மார்ட்டின் 'த ஜெமைமா கோட்' நூலில் கறுப்பினத்தவர்கள் எழுதிய நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சமையல் புத்தகங்களைத் தேடித் தொகுத்தார். எழுதப்படவே இல்லை எண்டு நினைச்ச வரலாறு, உண்மையில் எழுதப்பட்டுத்தான் இருந்தது. தேடத்தான் ஆள் இருக்கவில்லை.

சமையல் புத்தகத்தை வரலாற்று ஆவணம் எண்டு நாங்கள் பெரும்பாலும் எண்ணுவதில்லை. உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு எண்டு பார்த்துவிட்டு மூடிவைக்கிறம். இனிமேல் அட்டைப் பெயரையும் முன்னுரையையும் ஒருக்கா வாசியுங்கோ. ஆர் சொல்ல, ஆர் எழுதினது எண்டு அங்கேதான் தெரியும்.