பல்பயன் நகலெடுப்பான்

நகல், அச்சு, ஸ்கேன் மூன்றையும் தரும் அலுவலகக் கருவி. சிலவற்றில் ஃபேக்ஸும் உண்டு. செஸ்டர் கார்ல்சன் 1938-இல் நியூயார்க்கில் செய்து காட்டிய உலர் நகல் முறையே பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை: ஒளி டிரம்மில் உண்டாக்கும் மின்னூட்ட வடிவத்தில் டோனர் தூள் ஒட்டி, தாளுக்கு மாறி, ஃபியூசரின் சூட்டில் உருகிப் பதியும்.

வாங்குவோர் நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்க வேண்டியது மாதத்துக்கு எத்தனை பக்கம் ஓடும் என்பது. விளம்பரத்தில் போடும் உச்ச மாத அளவு கருவி தாங்கும் எல்லைதான். அன்றாடம் அவ்வளவு ஓட்டினால் நெடுநாள் உழைக்காது. டோனர் இத்தனை பக்கம் வரும் என்ற கணக்கும் அப்படியே. பக்கத்தில் 5 சதவீதம் மட்டுமே அச்சு விழுவதாக வைத்துப் போட்டது அது; கட்டம் கட்டிய படிவங்களும் கறுத்த முத்திரைகளுமாக நகலெடுக்கும் இடத்தில் முன்னதாகவே தீர்ந்துவிடும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் டிரம், ஃபியூசர் அடங்குமா என்று பார்த்தே கையெழுத்திட வேண்டும். வழக்கறிஞர் அலுவலகமானால் லீகல் தாளுக்கான தட்டும், பத்திரக் கட்டுகளுக்குத் தாளைத் தானே இழுக்கும் ஃபீடரும் தேவை.

வாடகைக் கருவியைத் திருப்பித் தருமுன் அதன் ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிட வேண்டும். ஆதார் நகலும் சம்பளப் பட்டியலும் அதில் தங்கியிருக்கக்கூடும்.