அப்பா எழுதி ஒட்டிய எண்கள்

1991 தீபாவளிக்கு அப்பா எனக்குப் புதுச்சட்டை எடுக்கவில்லை. சிங்கப்பூர் தேக்காவில் பஃபலோ ரோட்டு வீட்டிலிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டி, சிம் லிம் ஸ்குவேருக்குக் கூட்டிப்போய் ஒரு சவுண்ட் பிளாஸ்டர் அட்டை வாங்கித் தந்தார். அதுவரை எங்கள் கணினிக்கு ‘பீப்’ என்ற ஒரே குரல்தான். அன்றிரவு ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ ஆட்டத்தில் வாளோடு வாள் மோதிய ஓசை கேட்டு அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “நம்ம ஊர்க்காரங்க செஞ்சதுடா” என்றார் அப்பா.

உண்மைதான். 1981இல் சிம் வோங் ஹூ நண்பர் ஒருவருடன் சேர்ந்து சைனாடவுன் பெர்ல்ஸ் சென்டரில் கணினி பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கியதே அந்த அட்டையைச் செய்த கிரியேட்டிவ் டெக்னாலஜி. 1986இல் சீன மொழியில் பேசும் ‘கியூபிக் சிடி’ கணினியைச் செய்தார்கள், அது விற்கவில்லை. ஆனால் ஒலி எழுப்பும் வித்தை கையில் தங்கியது. அதிலிருந்து 1987இல் ஓர் இசை அட்டை, 1989இல் சவுண்ட் பிளாஸ்டர். கனடாவின் ஆட்லிப் அட்டைக்கு எழுதிய இசையை இதுவும் வாசித்தது. பதிவுசெய்த குரலையும் எழுப்பியது. ஜாய்ஸ்டிக் செருகவும் இடம் கொடுத்தது. 1992இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் சிங்கப்பூர் நிறுவனம் கிரியேட்டிவ்தான்.

அட்டையின் அமைப்பு எண்களைக் கணினிக்குச் சொன்னால்தான் சத்தம் வரும்: ஏ220, ஐ7, டி1. அப்பா அதை நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதித் திரையோரம் ஒட்டினார். பழைய ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருள், எதுவும் மாற்றாவிட்டால், தன்னைச் சவுண்ட் பிளாஸ்டர் 16 என்றே சொல்லிக்கொள்ளும். அதிலும் அதே மூன்று எண்கள்!

இருந்தும் அசல் பொறி வேறு. ஆட்டத்தில் கதவு இறங்கும் சத்தம் காதில் விழுந்ததும், ஓடுவதா நிற்பதா என்று விரல் முடிவெடுக்கும். அதை ஆடித்தான் அறிய முடியும். அதற்குப் பழைய ஆட்டங்களும் பொறிகளும் காக்கப்பட வேண்டும். கியோத்தோவின் ரிட்சுமெய்க்கான் பல்கலைக்கழகம் 1998லேயே ஆட்டங்களைக் காக்கத் தொடங்கியது. 2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் திறந்த காப்பகத்தில் மாணவர்கள் பழைய பொறிகளின் முன் உட்கார்ந்து ஆடிவிட்டே ஆய்வு எழுதலாம். நாமும் 2006இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ‘கேம்பிட்’ ஆய்வகத்தை அமைத்தோம். 2012 வரை நம் மாணவர்கள் கோடைதோறும் அமெரிக்கா போய் ஆட்டங்கள் உருவாக்கினார்கள். புதியதைச் செய்யக் கற்ற பிள்ளைகள் பழையதையும் தொட்டு ஆட வேண்டும்.

வீடு மாறியபோது எங்கள் அட்டை குப்பைக்குப் போய்விட்டது. 2017 ஜூலை 10ஆம் தேதி சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தை மூடப்படுவதற்குச் சில நாள் முன், ஒரு பெரியவர் விரித்திருந்த தார்ப்பாயில் அதே மாதிரி ஒன்று கிடைத்தது. அதையும் அப்பாவின் தாளையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். பழைய ஆட்டங்களை ஆடிக் கற்கும் பல்கலைக்கழக அறை ஒன்றுக்குத்தான் கொடுப்பேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கு அல்ல. யாராவது ஒரு மாணவி அந்த எண்களைத் தட்டி, வாளோசையைக் கேட்பதற்கு.